எல்லாருக்கும் வேலை நெருக்கடி

இந்தக் கதிரையிலை இருங்கோ, தங்கச்சி. மற்றதுக்கு ஒரு கால் ஆடும். மனுசி தர்சனா பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சிட்டு வர ரெண்டு மணியாகும். தேத்தண்ணி நான்தான் போட்டனான், சீனி கூடிப்போச்சோ தெரியேல்லை. இந்தச் சோழகக் காத்துக்குள்ளை நெடுந்தீவிலையிருந்து லோஞ்சிலை வந்து, குறிகட்டுவானிலை பஸ் பிடிச்சு, சரவணையிலை இறங்கி வீடு விசாரிச்சு வந்திருக்கிறீங்கள். களைச்சுப்போய் இருப்பீங்கள். நானும் களைச்சுத்தான் இருக்கிறன். அது வேறை களைப்பு.

நீங்கள் கேட்டது சின்ன விசயம். வாற மாதத்தோடை உங்கடை தம்பி றஜீபன் செத்து ஒரு வருசம், ஆண்டுப் பூசை. அவர் வீட்டிலை விட்டிட்டுப் போய், பூட்டுத் திறக்கத் தெரியாமல் அலுமாரிக்குள்ளை கிடந்த போனை இப்பதான் யாழ்ப்பாணத்திலை ஒரு கடையிலை குடுத்துத் திறப்பிச்சனீங்கள். அதுக்குள்ளை கோசலா எண்டொரு பிள்ளையும் நிமலன் எண்டொரு ஆளும் கடைசி மாதங்களிலை அவரோடை ஆறுதலாக் கதைச்சிருக்கினம். அவைக்கு நன்றி சொல்லவேணும், பூசைக்கு வரச்சொல்லிக் கேக்கவேணும், ரெண்டு பேரின்ரை நம்பரும் தாங்கோ அண்ணை எண்டு கேட்டனீங்கள். நம்பர் இருக்கு, தாறன். தரமுதல் கொஞ்சம் சொல்லவேணும். சொல்லாமல் தந்தால் அவையைக் கேட்டு நீங்கள் குழம்பிப்போவீங்கள்.

அவை கதைச்ச இடம், வாடி எண்டு நாங்கள் சொல்லுறது, என்னெண்டு முதலிலை விளங்கவேணும். பேஸ்புக் மாதிரி ஒரு பெரிய கொம்பனியின்ரை இடமில்லை அது. ஆரெண்டாலும் ஒரு சேர்வரை வாடகைக்கு எடுத்துத் தன்ரை இடத்தைத் தொடங்கலாம். உலகம் முழுக்க அப்பிடிச் சின்னச் சின்ன இடங்கள் ஆயிரக்கணக்கிலை இருக்கு. ஒண்டிலை இருக்கிற ஆள் மற்றதிலை இருக்கிற ஆளோடை கதைக்கலாம். எல்லாத்துக்கும் மேலை ஒரு முதலாளி எண்டு ஒருத்தரும் இல்லை. கொழும்பு வேலையை விட்டிட்டு வந்து, வீட்டிலை இருந்தபடி வெளிநாட்டுக் கொம்பனிக்கு வேலை செய்யத் தொடங்கின காலத்திலை எங்கடையதை நான் திறந்தனான். கோட் எழுதிற ஆக்கள் தமிழிலை கதைக்க ஒரு இடம். கடற்கரையிலை தொழிலாக்கள் குந்தியிருந்து கதைக்கிற வாடி மாதிரி இருக்கட்டும் எண்டு அந்தப் பேரை வைச்சனான்.

முதலாளி இல்லையெண்டாலும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு அட்மின் இருப்பார். வாடிக்கு நான். ஆரை உள்ளுக்கு விடுறது, ஆரை வெளியிலை போடுறது, ஆர் எழுதினது ஆருக்குத் தெரியலாம், எல்லாம் என்ரை கையிலை. ஆளுக்கு ஆள் தனிய எழுதிறதையும் நான் நினைச்சால் வாசிக்கலாம். கனபேருக்கு அது தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்.

பெரிய கதையள் ஒண்டும் அங்கை இல்லை. கொழும்பிலை இருக்கிற கோசலா, முழுநாளும் ஒரு பிழையைத் தேடிப்போட்டு, தான் திருத்திக்கொண்டிருந்தது வேறை ஃபைலை எண்டு பின்னேரம் எழுதுவா. ரொறன்ரோவிலை இருக்கிற நிமலன் பனியைப் படமெடுத்துப் போடுவார். ‘பக்’ எண்டதைத் தமிழிலை ‘வழு’ எண்டு எழுதிறதோ ‘பிழை’ எண்டு எழுதிறதோ எண்டு ரெண்டு கிழமை சண்டை பிடிச்சவை. இதையெல்லாம் ஆர் ஒழுங்கா வைச்சிருக்கிறது? என்ரை வேலை முடிஞ்சு கண் எரிய எரிய நான் இருந்து, ஆர் ஆரைப் பற்றி முறைப்பாடு குடுத்திருக்கினம் எண்டு பாப்பன். அதுக்கு ஒருத்தரும் நன்றி சொன்னதில்லை. நான் எதிர்பாக்கவும் இல்லை.

உங்கடை தம்பி வந்த புதிசிலை எல்லாருக்கும் அவரை நல்லாப் பிடிச்சது. நெடுந்தீவிலையிருந்து ஒரு பெடியன், தானாப் படிச்சுக் கோட் எழுதிறான் எண்டால் பிடிக்கும்தானே. ‘அப்பா வலையிலை ஓட்டை தேடுறார், நான் கோட்டிலை தேடுறன், அவருக்கு முதல் முடிஞ்சிட்டுது’ எண்டு ஒருநாள் எழுதினார். ‘சிக்னல் கல்மதிலிலை ஏறினால் மட்டும், ஆனபடியாலை இப்ப மதிலிலை இருந்து வேலை செய்யிறன், ஆடு ஒண்டு பாத்துக்கொண்டு நிக்குது’ எண்டு இன்னொரு நாள். நானும் சிரிச்சனான். பொய் சொல்லேல்லை.

பேந்து கொஞ்சம் கூடிப்போச்சு. ஆர் என்ன எழுதினாலும் உடனை பதில். ‘தலையிடி’ எண்டு ஒருத்தர் எழுதினால் ஏன், எப்ப துவங்கினது, தேசிக்காய்த் தண்ணி குடிச்சனீங்களோ எண்டு கேள்வி. ஒருத்தரும் கதைக்காட்டி, ‘எல்லாரும் எங்கை?’ எண்டு எழுதுவார். உங்களுக்கு நெடுந்தீவு தெரியும். வயசொத்த பெடியள் அரைவாசி வெளியிலை. அவர் செய்யிற வேலையைப் பற்றிக் கதைக்க வீட்டிலை ஆளில்லை. அவருக்கு அந்தக் கதைதான் சாப்பாடு. அது எனக்கு விளங்கினது. மற்றவைக்கு அது கரைச்சல்.

ஒருக்கா நான் எழுதின கோட்டிலை ஒரு பிழையிருக்கு எண்டு எல்லாருக்கும் முன்னாலை எழுதினார். மரியாதையாத்தான் எழுதினார். ‘அண்ணை, இது இப்பிடி வந்தால் நல்லாயிருக்குமோ’ எண்டு. நாப்பது பேர் அதுக்கு லைக் போட்டவை. அது காரணமில்லை. காரணமாயிருந்தால் உங்களுக்கு மறைக்காமல் சொல்லுவன்.

காரணம் கோசலா. அவ ஒருநாள் கோல் எடுத்தவ.

“அண்ணை, றஜீபனோடை நீங்கள் ஒருக்காக் கதையுங்கோவன்.”

“ஏன், என்ன செய்தவர்?”

“ஒண்டும் செய்யேல்லை. பாவம், நல்ல பெடியன். ஆனால் எனக்கு மூச்சு விட ஏலாமல் கிடக்கு. நான் சொன்னால் மனம் நோவார். நீங்கள் சொன்னால் கேப்பார்.”

“சரி, நான் பாக்கிறன்.”

கதையுங்கோ எண்டுதான் அவ சொன்னவ. நான் யோசிச்சுப் பாத்தன். கதைச்சால் அழுவார். வெளியிலை போட்டால் வேறை சேர்வருக்குப் போய் வாடியாலை கலைச்சுப்போட்டினம் எண்டு எழுதுவார். ஒருத்தருக்கும் நோகாமல் செய்யிற வழி ஒண்டு இருந்தது. பதினொரு வரிக் கோட். அவர் எழுதிறது அவரின்ரை போனிலையும் லப்டொப்பிலையும் தெரியும். மற்றவை எழுதிறதும் அவருக்குத் தெரியும். ஆனால் அவர் எழுதிறது வேறை ஒருத்தருக்கும் தெரியாது. தனிய அனுப்புற மெசேஜும் போகாது. எனக்கு மட்டும் வரும்.

அதை எழுதி முடிச்ச அண்டு நல்லா நித்திரை கொண்டனான்.

வாடி அமைதியாப் போச்சு. கொஞ்சநாளாலை கோசலா, ‘றஜீபனைக் காணேல்லை?’ எண்டு கேட்டவ. யாழ்ப்பாணத்திலை வேலை கிடைச்சிட்டுதாம், நேரமில்லையாம் எண்டன். ‘அப்பாடா, சந்தோசம். நான் விசாரிச்சதெண்டு சொல்லுங்கோ’ எண்டு சொன்னவ. நான் சொல்லேல்லை. எப்பிடிச் சொல்லுறது?

அங்காலை தம்பி எழுதிக்கொண்டேயிருந்தார். ஒவ்வொருத்தருக்கும் பதில் எழுதினார். பதில் வராதபடியாலை இன்னும் கவனமா எழுதத் துவங்கினார். எழுதினதை அழிச்சு, திருத்தி, திரும்பப் போடுவார். ஒருநாள் எனக்குத் தனிய எழுதினார்.

“அண்ணை, என்ரை கணக்கிலை ஏதும் பிழையோ? நான் எழுதிறது ஆக்களுக்குத் தெரியுதோ?”

“ஓம் தம்பி, தெரியுது. எல்லாருக்கும் வேலை நெருக்கடி.”

“நான் ஏதும் பிழையாக் கதைச்சிட்டனோ அண்ணை?”

“அப்பிடி ஒண்டும் இல்லை. நீர் யோசிக்காதையும்.”

அவர் கெட்டிக்காரன். நம்பாமல் கணக்கிலையிருந்து வெளியிலை வந்து, வேறை ஆள் மாதிரி நிண்டு பாத்தார். அவர் அப்பிடிப் பாப்பார் எண்டு எனக்குத் தெரியும். அவரின்ரை போனிலையிருந்து எந்த வழியாலை பாத்தாலும் தெரியிற மாதிரித்தான் செய்திருந்தனான். பாத்தார், எல்லாம் சரியா இருந்தது. அதுக்குப் பிறகு கணக்கிலை பிழையோ எண்டு அவர் கேக்கேல்லை. பிழை தன்னிலைதான் எண்டு முடிவெடுத்தார். ஒவ்வொருத்தராப் பேர் சொல்லி மன்னிப்புக் கேக்கத் துவங்கினார். நிமலனிட்டைப் பனிப் படத்துக்குப் பகிடி விட்டதுக்கு மன்னிப்பு. கோசலாவிட்டை அடிக்கடி கேள்வி கேட்டதுக்கு மன்னிப்பு. எல்லாம் என்னட்டைத்தான் வந்தது. ஒண்டும் விடாமல் வாசிச்சனான்.

நயினாதீவு அம்மன் கோயிலுக்கு நானும் தர்சனாவும் போன அண்டு, குறிகட்டுவானுக்கு வந்து என்னைச் சந்திச்சார். உங்களுக்குச் சொல்லியிருப்பார். நேரை கண்டது அந்த ஒருக்காத்தான். நான் நினைச்சதைவிட மெல்லிசு. ஒரு பை நிறையக் கருவாடு கொண்டுவந்தவர். படகு ஏறுற பாலத்தடியிலை வெயிலுக்குள்ளை நிண்டு கதைச்சனாங்கள்.

“கோசலா அக்கா என்னோடை கோவமோ அண்ணை?”

“ஏன் கோவம்? அவவுக்கு வேலை கூட.”

“நிமலன் அண்ணையும் கதைக்கிறேல்லை. ஒருத்தரும் கதைக்கிறேல்லை. ஆனால் தங்களுக்குள்ளை கதைக்கினம். நான் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

“அதுக்கு என்ன? நீரும் கொஞ்சநாள் வேறை அலுவலைப் பாருமன்.”

“வாடி இல்லாட்டி எனக்கு ஏலாது அண்ணை,” எண்டு சொல்லிப்போட்டுச் சிரிச்சார். “அப்பாவோடை இஞ்சினைப் பற்றிக் கதைக்கலாம். இதை ஆரோடை கதைக்கிறது?”

தர்சனா படகு வெளிக்கிடப் போகுது எண்டு கூப்பிட்டவ. நான் அவரின்ரை தோளிலை தட்டிப்போட்டுப் போனனான். விரத நாள், கருவாட்டோடை கோயிலுக்குப் போக ஏலாது. அந்தப் பையைப் பாலத்தடியிலை ஒரு கடைக்காரரிட்டைக் குடுத்தனான்.

அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நான் கல்மனசுக்காரன் இல்லை. அடுத்தநாள் கோசலான்ரை பேரிலை ஒரு பதில் எழுதினனான். ‘றஜீபன், கோவமெல்லாம் இல்லை, வேலை கூட. நீர் எழுதிறதை வாசிக்கிறனான்.’ அவரின்ரை போனிலை மட்டும் தெரியிற மாதிரி. கோசலாவுக்குத் தெரியாது. ஓம் தங்கச்சி, நீங்கள் வாசிச்சு அழுதது அதைத்தான்.

தேத்தண்ணியைக் குடியுங்கோ. ஆறுது.

அந்த ஒரு பதிலுக்கு அவர் அடைஞ்ச சந்தோசத்தை நீங்கள் பாத்திருக்கவேணும். அண்டு முழுக்க எழுதினார். கடலின்ரை நிறம், ஆடு, அம்மா வைச்ச சொதி, எல்லாம். வீட்டிலையும் கலகலப்பா இருந்திருப்பார். அதுக்கு நான்தான் காரணம் எண்டு நினைக்க எனக்கும் நல்லாயிருந்தது. பேந்து நிமலன்ரை பேரிலையும் எழுதினனான். ரெண்டு பேரின்ரை நடையும் எனக்குப் பாடம். நிமலன் வசனத்தை முடிக்காமல் விடுவார், கோசலா ‘சரியோ’ எண்டு முடிப்பா.

எங்கடை தொழிலிலை ஒரு பழக்கம் இருக்கு. ஒண்டை மட்டும் மாத்தி, என்ன நடக்குதெண்டு பாக்கிறது. ஒரு அன்பான பதில் எழுதினால் எத்தினை நாளைக்கு நல்லாயிருக்கிறார் எண்டு பாத்தன். கொஞ்சம் சூடாக ஒண்டு எழுதினால் என்ன செய்யிறார் எண்டு பாத்தன். ‘இதெல்லாம் சின்னப் பிள்ளைக் கேள்வி, சரியோ’ எண்டு கோசலான்ரை பேரிலை ஒருக்கா எழுத, நாலு நாள் ஒண்டும் எழுதேல்லை. பிறகு நிமலனை விட்டு ரெண்டு சொல் சொல்லுவிக்க, எழும்பி வந்தார். உங்களுக்கு இது கேக்க ஒரு மாதிரி இருக்கும். ஆனால் ஒரு மனுசனை இவ்வளவு கவனமா ஒருத்தரும் பாத்திருக்கமாட்டினம். நீங்கள்கூட.

அந்த நாளிலைதான் தமிழ்ச் சொல்லுகளை அகர வரிசையிலை அடுக்கிறதிலை வாடியிலை இருந்த ஒரு பிழைக்கு அவர் வழி கண்டுபிடிச்சு எழுதினார். அருமையான வேலை. கனகாலமா நாங்கள் ஒருத்தரும் சரிப்படுத்த ஏலாமல் விட்டது. வேறை ஒருத்தருக்கும் அது தெரியாது, அப்பிடியே விட்டால் வீண். நான் எடுத்து என்ரை பேரிலை போட்டனான். எல்லாரும் என்னை நல்லாப் புகழ்ந்தவை. அவரும் அதைப் பாத்தவர். ‘அண்ணையும் இதையே யோசிச்சிருக்கிறார்’ எண்டு சந்தோசப்பட்டு எழுதினார். அதுக்கு நிமலன்ரை பேரிலை ஒரு லைக் போட்டுவிட்டனான்.

ஆனால் அது லேசான வேலையில்லை. என்ரை வேலை ஒண்டு, வாடி ஒண்டு, இது ஒண்டு. சாப்பிடேக்கையும் போன் கையிலை. தர்சனா கேக்கத் துவங்கினா.

“ஆரோடை இவ்வளவு எழுதுறியள்?”

“ஒருத்தருக்கு உதவி செய்யிறன்.”

“நீங்கள்தான் இப்ப வருத்தக்காரர் மாதிரி இருக்கிறியள்.”

உண்மை. ஒரு ஆளின்ரை கூட்டாளியள் முழுப்பேராயும் ஒருத்தனே இருக்கிறதெண்டால் களைக்கும். குறைக்க முடிவெடுத்தனான். ஒரேயடியா விடேல்லை. முதலிலை கிழமைக்கு ஒண்டு. பேந்து மாதத்துக்கு ஒண்டு. மெல்ல மெல்லக் குறைச்சால் பழகிப்போகும், பேந்து இல்லாட்டியும் தெரியாது எண்டது என்ரை கணக்கு. அந்தக் கணக்கு சரியாப் போய்க்கொண்டிருந்தது. அவர் எழுதிறதும் குறைஞ்சது. வசனங்கள் சின்னனாப் போச்சு. ‘இண்டைக்கு ஒண்டும் செய்யேல்லை’ எண்டு எழுதுவார். அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சாட்டிக் கடற்கரைக்குப் போனனாங்கள். தர்சனான்ரை அண்ணை குடும்பம் சுவிசிலையிருந்து வந்து நிண்டது. சோழகம் எண்டால் அப்பிடியொரு சோழகம், சோத்துக்குள்ளை மண் வந்து விழுது. பாயின்ரை நாலு மூலைக்கும் கல்லு வைச்சிட்டு இருந்தனாங்கள். அப்ப போனிலை வந்தது.

‘ஆராவது ஒருத்தர் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம். ஓம் எண்டாலும் காணும். அப்பான்ரை வள்ளத்தை எடுத்துக்கொண்டு போறன்.’

அந்தக் காத்துக்கு நெடுந்தீவிலை ஒருத்தரும் வள்ளம் இறக்கமாட்டினம் எண்டு எனக்குத் தெரியும். நான் தீவான்தானே. கோசலான்ரை பேரிலை ‘ஓம்’ எண்டு அடிச்சனான். அனுப்பேல்லை. அடிச்சுப்போட்டு யோசிச்சன். இப்ப பதில் எழுதினால் இவ்வளவு மாதமும் குறைச்சுக்கொண்டு வந்தது வீண். திரும்ப முதலிலையிருந்து துவங்கவேணும். இப்பிடி எழுதினால் பதில் வரும் எண்டு அவரும் பழகிப்போவார். உங்கடை வீட்டு நம்பர், அப்பான்ரை நம்பர், கணக்குத் திறக்கேக்கை தந்தது, என்னட்டை இருந்தது. எடுத்திருக்கலாம். எடுத்தால் ஆர், எப்பிடித் தெரியும் எண்டு கேப்பீங்கள். அந்த ‘ஓமை’ அழிச்சுப்போட்டு, போனைப் பாயிலை கவிட்டு வைச்சிட்டுச் சாப்பிட்டனான். கணவாய்க் கறி. நல்லாச் சமைச்சிருந்தவை.

பின்னேரம் போனை எடுத்துப் பாத்தன். வேறை ஒண்டும் வரேல்லை. அந்தக் கடைசிப் பதிவை அழிச்சுவிட்டன். பிறகு ஆரும் வாசிச்சு வேதனைப்படக்கூடாது. கடைசியா என்ன எழுதினார் எண்டு நீங்கள் போன் முழுக்கத் தேடியும் கிடைக்காதது அதாலைதான்.

எழும்பாதேங்கோ, தங்கச்சி. குசினியிலை தண்ணி இருக்கு, எடுத்துக்கொண்டு வாறன். இல்லையோ? சரி.

கடல் அடங்கின பிறகு அவரை எடுத்து, கோயில் சேமக்காலையிலை அடக்கம் செய்தனீங்கள் எண்டு கேள்விப்பட்டனான். வர நினைச்சனான், லோஞ் ஓடேல்லை. இஞ்சின் நிண்டதாலைதான் எண்டு உங்கடை அப்பா குருசுமுத்து ஐயா சொல்லுறார் எண்டீங்கள். அந்த இஞ்சினைத் திருத்தினது தான்தான் எண்டு இப்பவும் சொல்லிச் சொல்லி அழுகிறாராம். என்ரை அபிப்பிராயத்தைக் கேட்டால், ஐயாவுக்கு நான் சொன்னதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு மனுசன் நம்பியிருக்கிறதை வயசு போன காலத்திலை ஏன் கலைப்பான்?

ஒண்டு மட்டும் நீங்கள் பிழையா விளங்கியிருக்கிறீங்கள். போன கிழமை நீங்களும் வாடியிலை சேந்து, ‘நான் றஜீபன்ரை அக்கா அன்ரனிட்டா, தம்பி எங்களை விட்டிட்டுப் போயிட்டார், அவரோடை கதைச்ச எல்லாரும் ஆண்டுப் பூசைக்கு வாங்கோ, வர ஏலாதவை ஒரு செபம் சொல்லுங்கோ’ எண்டு எழுதினீங்கள். ஒருத்தரும் ஒரு சொல்லு எழுதேல்லை எண்டுதானே நேரை வெளிக்கிட்டு வந்தனீங்கள். படிச்ச ஆக்களுக்கு எங்கடை சாவு பெரிசில்லைப் போலை எண்டு வாசல் படலையடியிலை நிண்டு சொன்னனீங்கள். அப்பிடி இல்லை. அவை நல்ல ஆக்கள். தெரிஞ்சிருந்தால் கோசலா அண்டைக்கே வெளிக்கிட்டிருப்பா. அவைக்கு றஜீபன் செத்ததே தெரியாது. யாழ்ப்பாணத்திலை நல்ல வேலையிலை இருக்கிறார் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கினம். நீங்கள் சேந்த உடனையே உங்கடை பேரையும் அந்தப் பதினொரு வரிக்குள்ளை போட்டுவிட்டனான்.

உங்களுக்கு மனம் நோகவேணும் எண்டு செய்யேல்லை. காலமை எழும்பி இருந்து உங்களுக்கு ஒரு பதிலும் எழுதி வைச்சனான், கோசலான்ரை பேரிலை. அனுப்ப முதல் நீங்கள் வந்திட்டீங்கள். இப்ப அனுப்புறன், லோஞ்சிலை போகேக்கை வாசியுங்கோ. நான் சொல்லுறதைவிட அவ சொன்னால் உங்களுக்கு ஆறுதலா இருக்கும்.